மணிமுத்தாறு முதல் குதிரைவெட்டி வரை: ஒரு மலைச்சாலையின் வரலாறு

பத்தாண்டு நிறைவு மலருக்கு நெல்லை வரலாறு குறித்து ஒரு கட்டுரை வேண்டும் என்று வட்டத்து நண்பர்கள் கேட்டபோது, கோயில் கல்வெட்டு ஒன்றையோ பாளையக்காரர் வரலாறு ஒன்றையோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். நான் ஒரு சாலையைப் பற்றி எழுதத் துணிந்தேன். கல்லிடைக்குறிச்சியில் தாமிரபரணிக் கரையை விட்டுப் புறப்பட்டு, மணிமுத்தாறு அணையை ஒட்டிச் சென்று, மலையேறி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய இடங்களைக் கடந்து குதிரைவெட்டியில் போய் முடிகிற சாலை அது. நம் மாவட்டத்தில் அதைவிட அழகிய வழி வேறில்லை என்று சொல்வோர் பலர். அதைவிடத் துயரமான வழியும் வேறில்லை என்பது என் கருத்து. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியது ஒரு பழைய நினைவு. தோட்டங்கள் இயங்கிக்கொண்டிருந்த காலத்தில், வட்டத்து நண்பர்கள் சிலருடன் அந்த மலைக்குப் பேருந்தில் சென்றிருந்தேன். பேருந்து நிறைய அரிசிச் சிப்பங்கள், காய்கறிப் பைகள், மண்ணெண்ணெய்க் கேன்கள். எங்கள் கையில் மட்டும் நோட்டுப் புத்தகங்கள். பக்கத்து இருக்கையில் காய்ச்சல் கண்ட பேரப்பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். கீழே வைத்தியம் பார்த்துவிட்டு மேலே திரும்புகிறார். “பனி பாக்கவா வந்திருக்கீக?” என்று கேட்டார். “ஆமாம் ஆச்சி” என்றேன். “நல்லா பாருங்கய்யா. நாங்க அதுக்குள்ளதான கெடக்கோம்” என்றார். அன்று மாலை குதிரைவெட்டியில் நின்று நாங்கள் கவிதை வாசித்தோம். என் கவிதையை நண்பர்கள் பாராட்டினார்கள். ஊர் திரும்பிச் சில நாள் கழித்து அதை எடுத்துப் படித்தபோதுதான் கண்டேன்: பனி இருந்தது, மலை இருந்தது, தேயிலையின் பச்சை இருந்தது, மனிதர் ஒருவர்கூட இல்லை. அந்தக் குறையை இப்போது உரைநடையில் ஈடுசெய்ய முயல்கிறேன்.

சாலை வருமுன்

பொதிகையைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். தென்றலுக்கு அது பிறப்பிடம், அகத்தியருக்கு இருப்பிடம். சங்க காலத்தில் அம்மலை ஆய் குலத்தாருடையது. ஆய் அண்டிரனின் கொடையை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமியும் தம் நிலநூலில் இம்மலையைப் ‘பெத்திகோ’ என்றும், இப்பகுதியை ஆண்டோரை ‘ஆயி’ என்றும் குறித்திருக்கிறார். மேலைநாட்டு மாலுமிகளின் செவிக்கும் எட்டிய பெயர் அது.

புலவர்கள் பாடிய மலையில் நடந்து திரிந்தவர்கள் காணிக்காரர்கள். தேனும் கிழங்கும் மருந்துச் செடியும் தேடி அவர்கள் கால்பட்டுத் தேய்ந்த தடங்களே இம்மலையின் முதல் வழிகள். ஓடைகளின் போக்கையும் யானைகளின் நடையையும் அனுசரித்து அமைந்த தடங்கள் அவை. இன்றும் பாபநாசம் மலைப்பகுதியில் அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன.

பின்னர் இக்காடு சிங்கம்பட்டி ஜமீனின் உடைமையாயிற்று. மேற்கு மலைத் தொடரின் அடியில் மணிமுத்தாற்றுக்கு அருகே உள்ள சிற்றூர் சிங்கம்பட்டி. காரையாற்றுப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து ஐயனார் கோயில் அந்த ஜமீனின் ஆளுகைக்கு உட்பட்டது. ஆடி அமாவாசைத் திருவிழாவில் ஜமீன்தார் அரச உடையில் வீற்றிருந்து மக்களுக்குக் காட்சி தரும் மரபு நெடுங்காலம் நீடித்தது. அம்மரபின் கடைசி ஜமீன்தாரான முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதத்தில் காலமானார். ஜமீனுக்குக் காடு என்பது வேட்டைக்கும் மரத்துக்கும் பெருமைக்கும் உரிய இடம். மலையுச்சிக்கு வண்டிப் பாதை அமைக்கும் தேவை அவர்களுக்கு எழவில்லை. அந்தத் தேவையோடு வந்தது கடல் கடந்து தொழில் செய்த ஒரு நிறுவனம்.

பர்மாவிலிருந்து பொதிகைக்கு

பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்னும் அந்நிறுவனத்தை 1863-இல் நிறுவியவர்கள் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வாலஸ் சகோதரர்கள். பர்மியக் காடுகளில் தேக்கு வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, கப்பலேற்றி விற்பது அதன் தொழில். 1885-இல் அந்நிறுவனம் வெட்டிய மரங்களுக்கு உரிய கணக்குக் காட்டவில்லை என்று மாண்டலே அரசவை பெருந்தொகையை அபராதமாக விதித்தது. அதைக் காரணமாக்கி ஆங்கிலேயர் படையெடுத்தனர். அவ்வாண்டு நவம்பர் மாதத்திலேயே மாண்டலே வீழ்ந்தது. பர்மாவின் கடைசி மன்னர் தீபா குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டு, மேற்குக் கடற்கரையின் இரத்தினகிரியில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்து 1916-இல் இறந்தார். ஆங்கிலேயருக்குப் பர்மாமீது வேறு நோக்கங்களும் இருந்தன என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். எனினும் ஒரு முடியரசின் வீழ்ச்சிக்கு உடனடிக் காரணமாக ஒரு மரக் கம்பெனியின் வழக்கு அமைந்தது என்பது உண்மை.

மரத்தில் ஈட்டிய பொருளோடு அந்நிறுவனம் தேயிலையின் பக்கம் திரும்பியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனைமலைப் பகுதியில் தோட்டம் அமைத்தது. அடுத்து அதன் பார்வை சிங்கம்பட்டிக் காட்டின்மீது விழுந்தது. 1929-இல் ஏறத்தாழ 8,374 ஏக்கர் காடு 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதப்பட்டது. குத்தகை முடியும் ஆண்டு 2028.

ஜமீன் ஏன் குத்தகைக்கு விட்டது என்பதற்கு நெல்லை வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகிறது. ஜமீன்களின் இளம் வாரிசுகள் தங்கிப் பயின்ற சென்னை நியூயிங்டன் விடுதியின் முதல்வர் டி லா ஹே 1919-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் கடம்பூர், சிங்கம்பட்டி வாரிசுகளின் பெயர்கள் அடிபட்டன. அவ்வழக்கில் கரைந்த பணத்தை ஈடுகட்டவே காடு கைமாறியது என்பார்கள். வழக்கு நடந்தது வரலாறு; குத்தகை எழுதப்பட்டதும் வரலாறு; இரண்டையும் முடிச்சிட்டது மக்களின் வாய்மொழி. அந்த முடிச்சில் ஒரு சமூக உண்மை இருக்கிறது. மாளிகையில் வெடித்த ஒரு துப்பாக்கியின் விலையை மலையில் எவரோ கூலியாகச் சுமந்தார்கள் என்று மக்கள் நம்பியிருக்கிறார்கள்.

தேயிலைக்காக ஒரு பாதை

காட்டுப் பொருளைத் தலைச்சுமையாக இறக்கிவிடலாம். தேயிலைக்கு அது போதாது. பறித்த கொழுந்தை வெகுநேரம் வைத்திருக்க முடியாது. அன்றைக்கன்றே வாட்டுதலுக்கு அனுப்ப வேண்டும். பிறகு உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்திப் பெட்டியில் அடைக்க வேண்டும். ஆகவே ஆலை மலையிலேயே இருந்தாக வேண்டும். ஆலைக்கு வேண்டிய இயந்திரங்களும் இரும்பும் மேலே ஏற வேண்டும். நெல் விளையாத மலையில் வேலை செய்வோர் உண்ணுவதற்கு அரிசி ஏற வேண்டும். தேயிலைப் பெட்டிகள் இறங்கி, தாமிரபரணிக் கரையிலுள்ள இரயில் நிலையத்தைச் சேர வேண்டும். திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகச் செங்கோட்டை செல்லும் இருப்புப்பாதை இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. மலைக்கும் இரயிலுக்கும் இடையே விடுபட்டிருந்த கண்ணியை நிரப்பப் பிறந்ததே இந்தச் சாலை.

இன்று நாம் வியந்து பார்க்கும் வளைவுகள் காட்சிக்காக வளைக்கப்பட்டவை அல்ல. சுமையேற்றிய வண்டி திணறாமல் ஏறும் அளவுக்குச் சரிவைக் குறைப்பதற்காகவே பாதை மலையின் விலாவைச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது. பாறையை உடைத்து, ஓடைக்குப் பாலமிட்டு, மண் சரியாமல் கல்லடுக்கிச் செய்த வேலை அது. போட்டதோடு முடிகிற வேலையும் அன்று. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மலை இது. தமிழ்நாட்டின் மழையளவுப் பட்டியலில் நாலுமுக்கும் ஊத்தும் அடிக்கடி முதலிடங்களில் நிற்பதை நாளிதழ்களில் காண்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு பருவமும் சாலையின் ஒரு பகுதியைத் தின்னும். ஒவ்வொரு முறையும் யாரேனும் அதை மீட்டெடுக்க வேண்டும்.

அந்த ‘யாரேனும்’ பெரும்பாலும் சமவெளியின் நிலமற்ற ஏழைகள். அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஆள் கொண்டுபோன அதே முறை உள்ளூர் மலைக்கும் பயன்பட்டது. அதிகாலையில் பிரட்டு, பகலெல்லாம் கொழுந்து, மழையிலும் அட்டைக்கடியிலும் கவ்வாத்து வேலை, இரவில் ஒடுங்கிக்கொள்ள லயத்து அறை என்று அவர்கள் வாழ்க்கை அமைந்தது.

இவ்விடத்தில் நம் ஊர் எழுத்தாளர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. புதுமைப்பித்தன் ‘துன்பக்கேணி’யை 1935-இல் மணிக்கொடியில் எழுதினார். நெல்லைச் சீமையின் வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சீரழியும் மருதியின் கதை அது. அக்கதை அச்சேறிய ஆண்டில், தாமிரபரணிக் கரையில் நின்று பார்த்தால் மேற்கே தெரிகிற மலையிலும் குத்தகை எழுதி ஆறாண்டுகள் ஆகியிருந்தன. கடல் கடந்த தோட்டத்தைத் தமிழ்ச் சிறுகதை கண்டுகொண்டது. கண்ணுக்கெதிரே இருந்த தோட்டம் இலக்கியத்தில் இடம்பெற இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அணையும் மின்சாரமும்

விடுதலைக்குப் பின் இந்தச் சாலைக்கு வேறு பயன்களும் சேர்ந்தன. மலையடிவாரத்தில் மணிமுத்தாறு அணை 1958-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் உயரம் 118 அடி. மாவட்டத்தின் தெற்கிலும் கிழக்கிலும் மழையை நம்பிக் கிடந்த வறண்ட நிலங்களுக்கு நீர் தருவது அதன் நோக்கம். இன்று மலையேறுவோர் முதலில் காண்பது அந்த நீர்ப்பரப்பைத்தான். அதன் பிறகு வனத்துறைச் சோதனைச்சாவடி, அருவி, வளைவுகள்.

இச்சாலையின் ஒரு கிளை மேல் கோதையாற்றுக்குச் செல்கிறது. 1970-களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய கோதையாறு நீர்மின் திட்டத்தின் மேற்பகுதி அது. நிலப்படத்தில் கன்னியாகுமரி மாவட்டம் எனினும், வண்டியில் சென்றடைய நெல்லை மாவட்டத்து மலைச்சாலையே வழி. அங்கே இயற்கையின் ஒரு விந்தையும் இருக்கிறது. கிழக்கே வழியும் நீர் மணிமுத்தாறாகித் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. மேற்கே வழியும் நீர் கோதையாறாகி, பறளியாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியே தேங்காய்ப்பட்டினத்தில் அரபிக்கடலை அடைகிறது. குழித்துறையில் அந்த ஆற்றுக்கும் தாமிரபரணி என்றே பெயர். ஆக, ஒரு தாமிரபரணியின் கரையில் புறப்படும் சாலை மற்றொரு தாமிரபரணியின் தலைப்பகுதியில் போய் முடிகிறது. கவிஞர்களாகிய உங்களுக்கு இதைவிடப் பெரிய உருவகத்தை நான் தர இயலாது. எனினும் இது உருவகம் அன்று, நீரின் போக்கு.

நிலத்தில் யார் பெயர்?

1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் காட்டின் உரிமையை அரசிடம் சேர்த்தது. குத்தகை மட்டும் தொடர்ந்தது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளருக்கு வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றைத் தோட்ட நிர்வாகம் அளிக்க வேண்டும் என்று அது விதித்தது. அது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதற்குள்ளேயே ஒரு முள்ளும் இருந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. நிலமோ அரசினுடையது, அனுபவம் நிறுவனத்தினுடையது, தொழிலாளிக்கு ஒரு சென்ட் நிலத்திலும் பட்டா எழ வழியில்லை. தாத்தாவும் தந்தையும் பிறந்த லயத்தில் பேரனும் பிறந்தாலும், ஓய்வு பெற்ற மறுநாள் அவன் விருந்தாளி.

இதற்கிடையே காட்டின் மதிப்பு வேறொரு கண்ணோட்டத்தில் உணரப்பட்டது. முண்டந்துறை 1962-இல் புலிகளுக்கான சரணாலயமாயிற்று. களக்காடு 1976-இல் சரணாலயமாயிற்று. 1988-இல் இரண்டும் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. நாங்குநேரியில் பிறந்த காட்டுயிர் அறிஞர் ஏ.ஜே.டி. ஜான்சிங் இம்மலைகளில் நடந்தே தம் அறிவை வளர்த்துக்கொண்டவர். 2024 ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். காக்காச்சியைச் சுற்றியுள்ள மழைக்காட்டில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தங்கி மரங்களையும் மகரந்தச் சேர்க்கையையும் ஆராய்ந்தனர். சிங்கவால் குரங்கும் வரையாடும் இருவாச்சியும் வாழும் இக்காடு 2012-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. 2018-இல் சிங்கம்பட்டிக் காடு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. தேயிலைத் தோட்டம் புலிகள் காப்பகத்தின் நடுவே ஒரு தீவாக நின்றது.

காட்டின் இந்த உரிமையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மழைக்காடு இல்லையேல் தாமிரபரணி இல்லை. தாமிரபரணி இல்லையேல் நெல்லை இல்லை. ஆனால் காட்டை அழித்தவர் யார், அதை மீட்பதன் விலையைக் கொடுப்பவர் யார் என்ற கேள்வியைக் கேட்காமல் வரலாறு எழுதிவிட முடியாது.

1999 ஜூலை 23

1990-களின் இறுதியில் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் பிற உரிமைகளும் கேட்டுப் போராடத் தொடங்கினர். 1999-இல் அறுநூறுக்கும் மேற்பட்டோர் சிறையிலடைக்கப்பட்டனர்; அவர்களில் பெண்களும் பலர். அவர்களை விடுவிக்கக் கோரி ஜூலை 23 அன்று அரசியல் கட்சிகளும் மக்களும் திருநெல்வேலியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகச் சென்றனர்.

கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம் தாமிரபரணியின் கரையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அங்கே காவல்துறை தடியடி நடத்தியது. ஓட வழியில்லாத மக்கள் ஆற்றில் இறங்கினர். பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் உயிரிழந்தனர். நீதியரசர் எஸ். மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் முடிவைப் பாதிக்கப்பட்டோர் தரப்பு ஏற்கவில்லை. ஆண்டுதோறும் ஜூலை 23 அன்று ஆற்றங்கரையில் மலர் தூவி அஞ்சலி செலுத்துவது வழக்கமாகிவிட்டது.

அன்று அவ்விடத்தில் ஓடிய நீரில் மணிமுத்தாற்றின் நீரும் கலந்ததுதான் தாமிரபரணி. தொழிலாளரின் லயங்களுக்குப் பக்கத்தில் ஓடையாகப் பிறந்த நீர் அது. அவர்கள் குரல் சாலை வழியாக இறங்கி நகரத்துக்கு வந்தது. நீர் ஆற்று வழியாக வந்தது. இரண்டும் கொக்கிரகுளத்தில் சந்தித்தன.

அந்த நாளுக்குப் பிறகே இம்மலை நம் கலை இலக்கியத்தில் இடம்பெறத் தொடங்கியது. ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். மாரி செல்வராஜ் தம் சிறுகதைத் தொகுப்பொன்றுக்கு ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’ என்றே பெயரிட்டார்.

இறங்கிய சாலை

2023 ஜூன் மாதத்தில் ஓர் இரவு இச்சாலை வழியே ஒரு யானை ஏறியது. கேரளத்தின் சின்னக்கானல் பகுதியில் அரிசி தேடி வீடுகளையும் கடைகளையும் உடைத்ததால் அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற ஆண் யானை அது. முதலில் பெரியாறு காட்டில் விடப்பட்டது. அங்கிருந்து தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்தது. அங்கே மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, லாரியில் ஏற்றி, மணிமுத்தாறு வழியாக மேல் கோதையாற்றில் கொண்டுவந்து விட்டார்கள். சில மாதங்களில் அது தோட்டக் குடியிருப்புகளின் பக்கமும் வந்துபோயிற்று. தன் காட்டிலிருந்து பெயர்த்தெடுத்த ஓர் உயிரைக் கொண்டுவந்து குடியேற்றிய சாலை, அடுத்த ஆண்டே மனிதர்களைப் பெயர்த்துக் கீழே இறக்கியது.

குத்தகை முடிய இன்னும் ஆண்டுகள் இருந்த நிலையில், 2024-இல் நிறுவனம் தோட்டத்தை மூட முடிவு செய்து, விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. ஜூன் மாதத்தோடு கொழுந்து பறிப்பது நின்றது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் அவர்களுடைய குடும்பங்களும் மலையை விட்டு இறங்க வேண்டியவர்கள் ஆயினர். தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகிய டான்டீ தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம் சென்றது. அக்கோரிக்கைக்கு வரலாற்று நியாயம் ஒன்று இருந்தது. 1964-இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தமிழருக்கு வேலை தருவதற்காகவே அரசின் தேயிலைத் தோட்டங்கள் வளர்க்கப்பட்டன. கடல் கடந்து சென்று திரும்பியவருக்குக் கிடைத்த அந்த ஏற்பாடு, கடல் கடக்காமலே மலையேறியவருக்கும் கிடைக்கட்டும் என்றே அவர்கள் கேட்டார்கள். 2024 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை. அது புலிகள் காப்பகத்தின் நிலம். காடாக மீட்கப்பட வேண்டியது என்பது தீர்ப்பின் போக்கு. தொழிலாளருக்கு மறுவாழ்வு உதவிகளை வழங்குமாறு அரசுக்கு நீதிமன்றம் அறிவுறுத்தியது. சமவெளியில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அவர்களுக்கு வீடுகள் ஒதுக்கப்பட்டன.

1929-இல் எழுதப்பட்ட பத்திரத்தில் ஜமீன் பெயர் இருந்தது. நிறுவனத்தின் பெயர் இருந்தது. பின்னர் வந்த ஆவணங்களில் அரசின் பெயர் இருந்தது. வனச் சட்டத்தின் அட்டவணையில் புலிக்கும் சிங்கவால் குரங்குக்கும் பெயர் உண்டு. நான்கைந்து தலைமுறைகளாகச் சாலையைப் போட்டு, சரிந்தபோதெல்லாம் சீர்செய்து, அதில் ஏறி இறங்கியவர்களின் பெயர் பிரட்டுப் பதிவேட்டைத் தவிர எங்கும் இல்லை. தோட்டம் மூடப்பட்டால் அந்தப் பதிவேடும் யாருக்கும் பயன்படாத பழந்தாளாகிவிடும்.

வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

மாஞ்சோலை மீண்டும் காடாகலாம். பராமரிப்பாரற்ற தேயிலைச் செடி மரமாக உயரும். லயத்துச் சுவரில் பாசி படரும். மழை தன் பங்குக்குச் சாலையைத் தின்னும். இயற்கையை நேசிப்பவன் என்ற முறையில் அந்தக் காட்டின் வருகையை நான் வரவேற்கவே செய்வேன். ஆனால் காடு வளரும் வேகத்தில் நினைவும் மறைந்துவிடக் கூடாது.

காணிக்காரரின் தடம், ஜமீனின் வேட்டைப்பாதை, நிறுவனத்தின் வண்டிச்சாலை, மின்வாரியத்தின் வழி, வனத்துறையின் பாதை என்று ஐந்து அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தது இந்த மலைவழி. ஒவ்வோர் அடுக்கும் தனக்கு முந்தியதை மறைத்தே வந்திருக்கிறது. நம்மைப் போன்ற பயணிகளின் அடுக்கு கடைசியானது. எல்லாவற்றையும் பனியால் மறைப்பது நம்முடையதுதான்.

ஆகவே வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். மலையிலிருந்து இறங்கியவர்கள் நம் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் முதியவர்களுக்கு நாட்கள் அதிகமில்லை. எந்த வளைவுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்கள், எந்த ஓடையில் துணி துவைத்தார்கள், கொழுந்து பறிக்கையில் என்ன பாடினார்கள், எந்த மழையில் சாலை அறுந்து எத்தனை நாள் அரிசி ஏறாமல் இருந்தார்கள் என்பதையெல்லாம் கேட்டு எழுதி வைப்போம். மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை அதற்கு ஒதுக்கினால் போதும். அடுத்த பத்தாண்டில் நாம் செய்து முடிக்கக்கூடிய பணி இது. நாம் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த அந்த ஆச்சி எந்த லயத்துக்காரர் என்று நான் அன்று கேட்கவில்லை. பேரப்பிள்ளையின் பெயரையும் கேட்கவில்லை. நாலுமுக்கில் அவர் இறங்கி, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பனிக்குள் நடந்து போனதை மட்டும் பார்த்தேன். அந்தக் காட்சியைத்தான் அன்று மாலை கவிதையாக்கினேன். அதில் அவரை மட்டும் விட்டுவிட்டேன்.